பர்மிங்காமின் பழைய மத்திய நூலகத்தை இடித்தது சரிதானா?

பதிவு 1: கல்தச்சன் (பர்மிங்காம்)

வணக்கம். பல நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே இறக்கி வைக்கிறேன். நான் கட்டிடக்கலை படித்தவன் அல்ல, கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆனாலும் எங்கள் ஊர் மத்திய நூலகத்தை 2016இல் தரைமட்டமாக்கியதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

1991இல் இங்கே படிக்க வந்தேன். வாடகை அறையில் மீட்டரில் நாணயம் போட்டால்தான் ஹீட்டர் எரியும். கையில் பெரும்பாலும் நாணயம் இருக்காது. வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்குப் போய்விடுவேன். மின்படிகளில் ஏறிப் போனால் நீண்ட மேசைகள், நல்ல வெளிச்சம், கதகதப்பு. எதிரே வேலை விளம்பரம் தேடி நாளிதழ் புரட்டும் ஒரு முதியவர். எதற்கு வந்தாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்த நாட்டில் அப்படிக் கேட்காமல் என்னை உள்ளே விட்ட முதல் பெரிய கட்டிடம் அது.

ஜான் மேடின் வடிவமைத்து 1974இல் திறந்தது. மேலே போகப் போக அகலும் கான்கிரீட் அடுக்குகள், நடுவில் திறந்த முற்றம். ஒரு கோயில் விமானத்தைத் தலைகீழாக நிறுத்தியது போல இருக்கும். அன்றைய இளவரசர் சார்லஸ், புத்தகங்களை வைக்கும் இடமாக அல்ல, எரிக்கும் இடமாகத் தெரிகிறது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கட்டிடத்தை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள்கூட அதையே திருப்பிச் சொன்னார்கள்.

மேடின் கேட்டது அந்தச் சாம்பல் நிற கான்கிரீட் முகத்தை அல்ல. போர்ட்லாண்ட் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லோ டிராவர்ட்டைன் பளிங்கோ பதிக்க வேண்டும் என்றார். மாநகராட்சி செலவைக் குறைத்தது. கீழே பேருந்து நிலையம், சுற்றிலும் நீர்த் தோட்டங்கள் என்று வரைபடத்தில் இருந்த பலவும் வரவே இல்லை. 1980களின் இறுதியில் திறந்த முற்றத்துக்குக் கூரை போட்டு, அடியில் துரித உணவுக் கடைகளை வைத்தார்கள். பாதியில் நிறுத்திய வீட்டைக் காட்டி, கொத்தனாருக்கு வேலை தெரியாது என்று சொல்வது நியாயமா? இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2009இல் கலாசார அமைச்சர் மார்கரெட் ஹாட்ஜ் மறுத்துவிட்டார். மேடின் 2012 ஜனவரியில் காலமானார். இடிப்பைப் பார்க்காமல் போனது அவருக்கு நல்லதுதான்.

மற்ற ஊர் நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் நகர மண்டபம், நூலகம் எல்லாம் எப்படி இருக்கின்றன?

பதிவு 2: நடைபாதை (பர்மிங்காம்)

கல்தச்சன் அண்ணா, உங்கள் ஹீட்டர் கதை நெஞ்சைத் தொட்டது. இருந்தாலும் அந்த நூலகம் போனதில் மகிழ்ந்தவள் நான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அதை உள்ளே உட்கார்ந்து பார்த்தீர்கள். நான் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அதைக் கடந்து போனவள். 1971இல் முடிந்த உள்வட்டச் சாலையை நினைத்துப் பாருங்கள். மாநகரப் பொறியாளர் ஹெர்பர்ட் மான்சோனியின் கனவு அது. கார் மேலே ஓடும், மனிதர் கீழே சுரங்கத்தில் இறங்கி ஏற வேண்டும். ஊரின் கழுத்தைச் சுற்றிய கான்கிரீட் பட்டை என்று நகர்த் திட்டக்காரர்களே பின்னாளில் சொன்னார்கள். உங்கள் நூலகம் அந்தச் சாலையின் ஒரு வட்டத்துக்கு நடுவே தீவு போல உட்கார்ந்திருந்தது. டவுன் ஹாலிலிருந்து சென்டினரி சதுக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் அதன் வயிற்றுக்குள் நுழைந்து, பொரித்த எண்ணெய் வாசனையில் நடந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும்.

இரவுப் பணி முடிந்து வரும் பெண்ணுக்குச் சுரங்கப்பாதை என்றால் என்ன என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், அப்படி ஒரு பாதையில் கைப்பையைப் பறிகொடுத்திருக்கிறேன். அதிலிருந்து படி இறங்கும் எந்த வழியையும் கண்டாலே கால் பின்வாங்கும்.

இப்போது டவுன் ஹாலிலிருந்து, பழையதுக்குப் பதிலாக எழுந்த புதிய நூலகம் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். 2019 டிசம்பர் முதல் நூலக வாசலுக்கே டிராம் வருகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

பதிவு 3: சாரம் (நியூகாசில்)

முப்பது ஆண்டுகளாகக் கட்டுமானப் பொறியாளனாக இருக்கிறேன். கான்கிரீட்டைப் பற்றி ஒரு சொல்.

இந்த நாட்டு மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை அல்ல. சாரலாக நாள் முழுவதும் சுவரை நக்கும். ஜன்னல் விளிம்பில் நீர் சொட்டி விழ ஒரு வரி வெட்டாமல் விட்டால், அழுக்கு நீர் அதே தடத்தில் இறங்கி இறங்கிப் பத்தே ஆண்டில் கறுப்புக் கோடு போட்டுவிடும். கழுவுவதற்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்குவதில்லை. பிறகு பொருள் மேல் பழி.

எங்கள் நியூகாசில் சிவிக் சென்டரைப் பாருங்கள். அதே காலத்தது. ஜார்ஜ் கென்யன் வடிவமைப்பு, 1968இல் நார்வே மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்து வைத்தார். போர்ட்லாண்ட் கல் பதித்தார்கள், கோபுர உச்சியில் வெண்கலக் கடற்குதிரைத் தலைகளை வைத்தார்கள், சுவரில் டைன் நதியின் தெய்வத்தை டேவிட் வின் செய்த சிலையாக நிறுத்தினார்கள். ஊர் மக்கள் இன்றும் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். பர்மிங்காமில் இதே கல்லைப் பதித்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது என்று நம்புகிறேன்.

இன்னொன்று. விக்டோரியா காலக் கட்டிடங்களை எல்லோரும் எப்போதும் நேசித்தார்கள் என்று எண்ண வேண்டாம். மான்செஸ்டர் நகரத்துக்கு 1945இல் போட்ட திட்டத்தில் வாட்டர்ஹவுஸ் கட்டிய டவுன் ஹாலையே அகற்றிவிட்டு வேறு கட்டலாம் என்று எழுதியிருந்தது. பணம் இல்லாததால் தப்பியது. எழுபது வயதில் அழகாகத் தெரியாத கட்டிடம் நூற்றைம்பது வயதில் பொக்கிஷமாகிறது. மேடினின் நூலகத்துக்கோ நாற்பத்திரண்டு வயதுதான் வாய்த்தது.

பதிவு 4: மாலைவெயில் (லீட்ஸ்)

சாரம் ஐயா சொன்னதற்குத் துணையாக எங்கள் லீட்ஸ் கதை.

இங்கே டவுன் ஹால் கட்டப் போட்டி வைத்தபோது வென்றவர் கத்பர்ட் பிராட்ரிக். ஹல் நகரத்து இளைஞர், முப்பதை ஒட்டிய வயது. பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டு செயின்ட் ஜார்ஜ் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தது. கம்பளி வணிகத்தில் போட்டி, கட்டிடத்திலும் போட்டி. நடந்தது என்னவென்றால், கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்று மாநகராட்சிக்குள் ஆண்டுக்கணக்கில் சண்டை. வரி கட்டுபவர்கள் கேட்டார்கள்: மணிக்கூண்டு எங்கள் வயிற்றை நிரப்புமா? அதற்கு மறுபக்கம் சொன்னார்கள்: வெறும் பயன் மட்டும் பார்த்தால் இந்த ஊர் ஒரு கிடங்காகவே இருந்துவிடும். கட்டிடம் பாதி எழுந்த பிறகுதான் 1856இல் கோபுரம் முடிவானது. 1858 செப்டம்பரில் விக்டோரியா அரசியே வந்து திறந்தார். அந்தக் கோபுரம் இல்லாத லீட்ஸை இன்று ஒருவராலும் கற்பனை செய்ய முடியாது.

ஆனால் நான் அதை நேசிப்பதற்குக் காரணம் கோபுரம் மட்டுமல்ல. ஒரே கூரைக்கடியில் பெரிய இசை மண்டபம், நகர சபை, நீதிமன்றம், காவல்துறை. முன்படிகளுக்கு அடியில் கைதிகளை வைக்கும் அறைகள்! மேலே ஆர்கன் வாசிப்பு, கீழே குற்றவாளி. ஓர் ஊர் தன் பெருமையையும் வெட்கத்தையும் ஒரே வீட்டில் வைத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த அறைகளைப் பார்க்கப் போன நாளில், ஒரு சிறுமி கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவே இல்லை.

புகையால் கன்னங்கரேலென்று கிடந்தது அது. 1970களின் தொடக்கத்தில் கழுவினார்கள். அதற்கு முன் பார்த்த பெரியவர்கள், எங்கள் டவுன் ஹால் கறுப்புக் கல்லால் கட்டியது என்றே நினைத்திருந்தார்களாம். வில்லியம் ஹில் என்ற லீட்ஸ் கட்டிடக் கலைஞர் இதே மாதிரியைப் போல்ட்டன் நகரத்துக்கு எடுத்துப்போய் 1873இல் ஒரு தம்பிக் கட்டிடம் எழுப்பினார். போர்ட்ஸ்மவுத்திலும் இதே சாயலில் ஒன்று உண்டு.

பதிவு 5: கல்தச்சன் (பர்மிங்காம்)

நடைபாதை தங்கை, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அந்தக் கடைத்தெரு வழியாக நானும் ஆயிரம் முறை நடந்திருக்கிறேன். பயம் என்ற ஒன்று என் நினைவில் வந்ததே இல்லை.

இருந்தாலும் ஒரு கேள்வி. சாலையைக் கீழிறக்கி, கடைகளை எடுத்துவிட்டு, முற்றத்தை மறுபடி திறந்திருந்தால் போதாதா? உள்வட்டச் சாலை செய்த குற்றத்துக்கு நூலகத்துக்கு ஏன் தண்டனை?

பதிவு 6: சக்கரம் (யார்க்‌ஷயர்)

கோபுரம், தூண், படிக்கட்டு என்று எல்லோரும் வியக்கிறீர்கள். பதினான்கு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் எழுதுகிறேன்.

விக்டோரியா காலத்து நகர மண்டபம் என்றாலே முதலில் படிகள். இருபது, முப்பது. அதன் மேல் தூண்கள். மனிதனைக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைப்பதற்காகவே கட்டியவை அவை. லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் ஹாலை நான் மதிக்கிறேன். ஹார்வி லான்ஸ்டேல் எல்ம்ஸ் இருபத்தைந்து வயதில் போட்டியில் வென்றவர், காசநோயால் 1847இல் போய்விட்டார், 1854இல் திறந்த மண்டபத்தை அவர் பார்க்கவில்லை. உள்ளே காற்றைச் சூடாக்கியும் குளிர்வித்தும் அனுப்ப டாக்டர் ரீட் அமைத்த ஏற்பாடு அந்தக் காலத்துக்கு அதிசயம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெரிய படிகளின் முன்னால் போய் நிற்கும்போது, இந்த மேதைமையில் எனக்குப் பங்கில்லை என்று கல்லே சொல்வது போலிருக்கும்.

ஒரு நகர மண்டபத்தில், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், என் தங்கையின் திருமணப் பதிவுக்குப் போனேன். முன்வாசல் வழியாக மணமகள் ஏறினாள். எனக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைக்கும் சந்து வழியாக ஒரு கதவு. மணியை அழுத்தி, ஆள் வந்து திறக்கும்வரை மழையில் நின்றேன். உள்ளே போகும்போது கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள்.

பழையதை இடிக்கச் சொல்லவில்லை. சாய்தளமும் மின்தூக்கியும் முன்வாசலில் வையுங்கள். அதனால் தூணின் அழகு கெட்டால் கெடட்டும்.

பதிவு 7: மாலைவெயில் (லீட்ஸ்)

சக்கரம் தம்பி, நான் எழுதியது அறியாமை. படிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் படிகளுக்கு அடியில் இருந்ததைப் பற்றி எழுதினேன். மன்னிக்கவும்.

பதிவு 8: வெண்கலமணி (மான்செஸ்டர்)

மான்செஸ்டர் டவுன் ஹால் பற்றிச் சாரம் தொட்டுக் காட்டினார். நான் அதன் எதிரே பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவன்.

ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுசுக்குக் கிடைத்தது ஒழுங்கில்லாத முக்கோண மனை. அந்தக் கோணலை மறைக்காமல் அதையே வடிவமாக்கினார். 1877இல் திறந்தபோது அரசி வர மறுத்துவிட்டார். மேயர் ஏபெல் ஹேவுட் தானே திறந்தார். அவர் ஒரு பத்திரிகை விற்பனையாளர். முத்திரை வரி கட்டாத ஏழைகளின் செய்தித்தாளை விற்றதற்காகச் சிறை சென்றவர். கோபுரத்தின் பெரிய மணிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அரசி வராததே நல்லது என்று எனக்குத் தோன்றும்.

உள்ளே தரையில் தேனீ மொசைக், உழைப்பின் சின்னமாக. ஓரங்களில் பருத்தி. அந்தப் பருத்தி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது, அதில் நெய்த துணி நம் நெசவாளர்களின் தறியை நிறுத்தியது. அந்தத் தரையில் நடக்கும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அதனால் அந்தத் தரையை வெறுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அதைப் பதித்தவரும் கூலிக்காரர்தான்.

பழுதுபார்ப்புக்காக 2018 ஜனவரியில் மூடினார்கள். 2024இல் திறப்பதாகச் சொன்னது தள்ளிப்போனது. செலவும் ஏறியது. பலர் திட்டுகிறார்கள். நூற்று நாற்பது ஆண்டுக் குழாயையும் கூரையையும் தொடாமல் விட்டதற்கு வட்டியோடு கட்டுகிறோம், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றில். பக்கத்தில் வின்சென்ட் ஹாரிஸ் கட்டிய மத்திய நூலகம், 1934இல் திறந்தது, ரோம் பாந்தியன் போல வட்டமானது. அதை ஒட்டி அவரே கட்டிய டவுன் ஹால் நீட்சி. இரண்டுக்கும் நடுவே வளைந்து செல்லும் ஒரு நடைவழி, லைப்ரரி வாக். இருபுறமும் வெள்ளைக் கல், ஒருபக்கம் குவிந்தது, மறுபக்கம் குழிந்தது. நுழையும்போது முடிவு தெரியாது, நடக்க நடக்கத் திறக்கும். ஊரிலேயே எனக்குப் பிடித்த நூறு அடி அதுதான். 2014இல் பொது விசாரணை நடந்தது, மக்கள் எதிர்த்தார்கள், இருந்தும் நடுவில் கண்ணாடிக் கூடம் ஒன்றை வைத்துவிட்டார்கள். இரவில் கதவு பூட்டு. பாதுகாப்பு என்றார்கள்.

பதிவு 9: நடைபாதை (பர்மிங்காம்)

வெண்கலமணி அண்ணா, நள்ளிரவில் அந்த வளைந்த சந்தில், நடக்க நடக்கத் திறக்கும் என்கிறீர்களே, எதிரே யார் வருகிறார் என்று தெரியாது என்பதும் அதே வளைவுதான்.

பூட்டியது சரி என்று சொல்லவில்லை. நல்ல விளக்கும், பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு தேநீர்க் கடையும் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடத்தை நினைக்கும்போது உங்களுக்குக் கல்லின் வளைவு முதலில் வருகிறது, எனக்கு இருட்டு முதலில் வருகிறது. வடிவமைப்பவரின் மேசையில் இரண்டும் இருக்க வேண்டும்.

பதிவு 10: தேம்ஸ்கரை (கிழக்கு லண்டன்)

இலண்டனில் நிலைமை வேறு. இங்கே இடிப்பதில்லை, விற்றுவிடுகிறார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டருக்கு எதிர்க்கரையில் கவுண்டி ஹால், ரால்ஃப் நாட் வடிவமைப்பு, 1922இல் திறந்தது. பல பத்தாண்டுகள் இலண்டனை ஆண்ட இடம். 1986இல் அரசு மாநகர சபையைக் கலைத்தது. கட்டிடம் விற்பனைக்குப் போனது. இன்று அங்கே மீன் காட்சியகமும் ஹோட்டலும். பிறகு 2002இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த சிட்டி ஹால், டவர் பாலத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த முட்டை போல ஒன்று. எல்லா அஞ்சல் அட்டையிலும் வந்தது. அது வாடகைக் கட்டிடம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சுற்றியுள்ள திடலும் தனியார் நிலம். வாடகையை மிச்சம் பிடிக்க 2021இன் இறுதியில் மேயர் அலுவலகம் காலி செய்துகொண்டு ராயல் டாக்ஸ் பக்கம் போய்விட்டது. ஆளும் சபையே குடியிருப்பவனாக இருந்தால், அதன் வாசலில் கோரிக்கை அட்டை பிடிக்கும் குடிமகன் யார் நிலத்தில் நிற்கிறான்?

இனி நல்ல செய்தி. ஈஸ்ட் ஹாம் டவுன் ஹால் நம்மவர் பலருக்குத் தெரிந்த கட்டிடம். செங்கலும் சுடுமண் வேலைப்பாடும், மணிக்கூண்டும், 1903இல் திறந்தது. சரவணபவன் தோசைக்கும் முருகன் கோயிலுக்கும் போகிறவர்கள் அந்த மணிக்கூண்டைப் பார்த்துத்தான் வழி சொல்வார்கள். என் மனைவியின் குடியுரிமை விழா ஒரு பழைய நகர மண்டபத்தில்தான் நடந்தது. வண்ணக் கண்ணாடியும் தேக்குப் பலகையும் உள்ள அறை. யாழ்ப்பாணத்திலிருந்து கையில் ஒரு பையோடு வந்தவள், அந்த அறையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது நிமிர்ந்து நடந்தாள். சாதாரண அலுவலகக் கூடத்தில் அது நடந்திருந்தால் அவள் இப்படி நினைவில் வைத்திருப்பாளா என்று தெரியாது.

வைட்சாப்பலில் இன்னும் ஒரு படி மேலே. நோயாளிகளை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்த ராயல் லண்டன் மருத்துவமனையின் பழைய கட்டிடம் காலியாகக் கிடந்தது. டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் அதை வாங்கி, பின்னால் புதிய பகுதி சேர்த்து, 2023இல் தன் டவுன் ஹாலாகத் திறந்தது. வாசலுக்கு எதிரே தெருச் சந்தை. காய்கறிப் பையோடு உள்ளே போகலாம்.

பதிவு 11: எஃகு (ஷெஃபீல்ட்)

கல்தச்சன் ஐயா, உங்களுக்குக் கசப்பான ஒன்று சொல்கிறேன். சில கட்டிடங்களை இடிக்கத்தான் வேண்டும்.

எங்கள் டவுன் ஹாலுக்கு 1977இல் ஒரு கான்கிரீட் நீட்சி கட்டினார்கள். முட்டை அட்டைப் பெட்டி என்றே ஊர் அழைத்தது. இருபத்தைந்தே ஆண்டில், 2002இல், இடித்தார்கள். அந்தப் பக்கத்தில் வந்தது என்ன தெரியுமா? விண்டர் கார்டன். வளைந்த மர விலாக்கள், மேலே கண்ணாடி, உள்ளே பல நாட்டு மரம் செடிகள். எழுபது மீட்டர் நீளம். 2003இல் திறந்தார்கள். டிக்கெட் கிடையாது. எதையும் வாங்க வேண்டாம். பெஞ்சில் நாள் முழுவதும் உட்காரலாம்.

அதைவிட முக்கியம், அது ஒரு வழி. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஷீஃப் சதுக்கத்தில் பளபளக்கும் எஃகுச் சுவர் மேல் நீர் வழிகிறது. அங்கிருந்து ஏற்றத்தில் நடந்து, விண்டர் கார்டனுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால் பீஸ் கார்டன்ஸ், நீரூற்று, அதற்கு மேல் டவுன் ஹால். எங்கேயும் சுரங்கத்தில் இறங்க வேண்டாம். கோடையில் பிள்ளைகள் நீரூற்றில் நனைந்து கூச்சல் போடுவார்கள், மேலே சபை நடக்கும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நான் காரில் அழைத்து வருவதில்லை. இந்த வழியாக நடத்தியே கூட்டி வருவேன்.

சக்கரம் அண்ணா, ஏற்றம் கொஞ்சம் உண்டு, ஆனால் படி ஏறாமல் வரலாம். விண்டர் கார்டன் கதவுகள் தரை மட்டத்தில்.

பதிவு 12: சக்கரம் (யார்க்‌ஷயர்)

போயிருக்கிறேன் தம்பி. மழை நாளில் அந்தப் பெரணிச் செடிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் இருந்தேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன்.

பதிவு 13: சாரம் (நியூகாசில்)

எஃகு சொன்னது உண்மை, ஆனால் அதிலிருந்து கான்கிரீட் என்றால் இடிக்கலாம் என்று போய்விடக் கூடாது. பிரெஸ்டன் பேருந்து நிலையத்தைச் சொல்கிறேன். 1969இல் திறந்தது. மேலே கார் நிறுத்தும் மாடிகள். அவற்றின் விளிம்புகள் கொத்தாக மேல்நோக்கி வளைந்து, அலை அலையாக நீளும். 2012இல் மாநகராட்சி இடிக்க முடிவு செய்தது. பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்றார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 2013இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு புதுப்பித்து, பேருந்துகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைப் பொதுச் சதுக்கமாக்கினார்கள். அதிகாலையில் தூசி படியாத கண்ணாடிக் கதவுகளுக்குள் வெளிச்சம் விழும்போது அது ஒரு விமான நிலையத்தின் கம்பீரத்தோடு நிற்கும். பேருந்துக்குக் காத்திருக்கும் ஏழைக்கு அந்தக் கம்பீரம் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்தது.

பர்மிங்காமில் அமைச்சர் மறுத்தார், பிரெஸ்டனில் அமைச்சர் ஏற்றார். நடுவே நான்கே ஆண்டுகள்.

பதிவு 14: புதுவரவு (பர்மிங்காம்)

நான் இங்கே இரண்டாம் ஆண்டு மாணவி. பழைய நூலகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் புதியதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே! நெதர்லாந்தின் மெக்கானூ நிறுவனம், ஃபிரான்சின் ஹூபன் வடிவமைத்தது. வெளியே பின்னிப் பிணைந்த உலோக வளையங்கள், உள்ளே வட்ட வட்டமாகப் புத்தகச் சுவர்கள், இரண்டு மாடித் தோட்டங்கள். 2013 செப்டம்பரில் மலாலா யூசஃப்சாய் திறந்து வைத்தார். வளையங்களின் நிழல் மதிய வேளையில் தரையில் கோலம் போட்டது போல விழும். எங்களுக்கு அதுவே வீடு.

பதிவு 15: கல்தச்சன் (பர்மிங்காம்)

மகளே, நீ சொன்ன நிழலை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டிடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் எங்கே என்பது இத்தனை பேர் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கே தெளிவாகிறது.

18 கோடியே 88 லட்சம் பவுண்டு கொட்டிக் கட்டினார்கள். திறந்தபோது வாரத்துக்கு 73 மணி நேரம். 2015இல் அதை 40 மணி நேரமாகக் குறைத்தார்கள், ஊழியர்களில் ஏறக்குறைய நூறு பேரின் வேலை போனது. திறந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை! கல்லுக்கும் வளையத்துக்கும் பணம் இருந்தது, விளக்கைப் போட்டு வைக்கவும் மேசையில் ஓர் ஆளை உட்கார வைக்கவும் இல்லை. மேடினுக்குக் கல் தராதவர்களும், சுவரைக் கழுவாதவர்களும், மான்செஸ்டரில் குழாயைப் பார்க்காமல் விட்டவர்களும் செய்தது இதே காரியம்தான். திறப்பு விழாவுக்குச் செலவு செய்கிறார்கள், மறுநாளுக்கு ஒதுக்குவதில்லை.

1991இல் எனக்குத் தேவைப்பட்டது மாலை நேரம். இன்று மீட்டரில் போட நாணயம் இல்லாத ஒரு பையன் ஆறு மணிக்கு மேல் எங்கே போவான்?

பதிவு 16: நடைபாதை (பர்மிங்காம்)

இதில் உங்களோடு முழுமையாக நிற்கிறேன் அண்ணா. 2023 செப்டம்பரில் நம் மாநகராட்சி 114ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்தது, அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று. அதன் பிறகு எங்கள் பகுதிக் கிளை நூலகம் திறந்திருக்கும் நாட்கள் குறைந்தன. நடுவூரில் பொன்னிற மாளிகை, தெருமுனையில் பூட்டிய கதவு. தள்ளுவண்டியோடு போகிறவளுக்குத் தெருமுனைதான் பக்கம்.

ஒரே ஒரு திருத்தம். பழையதை வைத்திருந்தாலும் இதே கவுன்சில் இதே நேரத்தைக் குறைத்திருக்கும். அப்போதும் நான் எண்ணெய் வாசனையில்தான் நடந்திருப்பேன்.

பதிவு 17: வெண்கலமணி (மான்செஸ்டர்)

விக்டோரியா அரங்கத்தின் எதிர்ப்புறம் இருக்கும் நீரூற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பர்மிங்காம் விக்டோரியா சதுக்கத்தில் நம் குஜராத்துக்காரர் துருவ மிஸ்திரி செய்த நதிப் பெண். 1993இல் வந்தது. கசிவு என்று நீரை நிறுத்தி, 2015இல் மண் போட்டுச் செடி நட்டுவிட்டார்கள். காமன்வெல்த் விளையாட்டு வந்த 2022இல் மறுபடி நீர் விட்டார்கள். விருந்தாளி வரும்போது மட்டும் முற்றம் தெளிப்பது போல.

பதிவு 18: நடைபாதை (பர்மிங்காம்)

அரங்கம் அல்ல அண்ணா, கவுன்சில் ஹவுசின் முன்னால். மற்றபடி நீங்கள் சொன்னது சரி. நீர் திரும்பி வந்த அன்று என் மகளோடு அங்கே போய் நின்றேன்.

பதிவு 19: கல்தச்சன் (பர்மிங்காம்)

நேற்று, பல மாதங்களுக்குப் பிறகு, புதிய நூலகத்துக்குப் போனேன். புதுவரவு சொன்னதற்காகவே போனேன்.

மின்தூக்கியில் உச்சிக்குப் போய் ஷேக்ஸ்பியர் நினைவு அறையைப் பார்த்தேன். சக்கரம் தம்பிக்காகச் சொல்கிறேன், மின்தூக்கி அங்கேவரை போகிறது. ஜான் ஹென்றி சேம்பர்லின் 1882இல் செய்த மரவேலை. அதற்கு முந்தைய நூலகம் 1879இல் தீயில் எரிந்த பிறகு எழுந்த கட்டிடத்தின் அறை அது. மேடினின் நூலகம் வந்தபோது அந்த விக்டோரியா கட்டிடத்தையும் இடித்தார்கள், அறையை மட்டும் பலகை பலகையாகக் கழற்றி வைத்தார்கள். இத்தனை நாள் நான் அழுத கட்டிடமும் இன்னொன்றை இடித்த இடத்தின் பக்கத்தில்தான் எழுந்தது என்பதை அந்த அறையில் நின்றபோதுதான் உணர்ந்தேன். மேடினின் நூலகத்திலிருந்து அப்படி ஒரு மேசையைக்கூட யாரும் எடுத்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு கீழே இறங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பையன், தடித்த மேலங்கியைக் கழற்றாமல், பெரிய புத்தகத்திலிருந்து கையால் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். மூடும் நேரம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் மிச்சமிருந்த இரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போனான்.